நாற்பத்தைந்து கிராம் விளக்கு

நம்பும்படி யாரையும் நான் வற்புறுத்தப் போவதில்லை. ஆனால் இதில் ஒரு சொல்லும் கட்டிச் சொன்னதன்று. ஆதிமூலம் என் எதிரே உட்கார்ந்து சொன்னதை, அவர் குறிப்பிட்ட நேரங்களோடு அப்படியே எழுதுகிறேன்.

ஆதிமூலம் செஞ்சியில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். பக்கத்து மேசை ராஜாராமுடையது. இருபத்தாறு ஆண்டுகளாக ஒரே சோற்றுப் பாத்திரத்தைப் பகிர்ந்து உண்டவர்கள். சித்திரையில் இருவரும் பர்வதமலை ஏறுவதென்று முடிவாயிற்று. பழகிக்கொள்வதற்காக, ஊருக்கு மேற்கேயுள்ள பாறைக்குன்றில் விடியுமுன் ஏறிப் பார்க்க நினைத்தார்கள். பாறையைப் பற்ற இரண்டு கைகளும் வேண்டும். ஆகவே, நெற்றியில் கட்டும் விளக்கு வாங்கச் செந்தமிழனின் மின்சாதனக் கடைக்குப் போனார்கள்.

ஆதிமூலத்துக்குக் கழுத்தெலும்புத் தேய்மானம். பின்மண்டையில் பேட்டரிப் பெட்டி தொங்கும் விளக்கை மாட்டிப் பார்த்தார். குனிந்ததும் கண்ணுக்குச் சரிந்தது. இன்னொன்றில் வெளிச்சம் போதவில்லை. அப்போது ராஜாராம், கண்ணாடிப் பெட்டியின் மூலையிலிருந்து சிறியதாக ஒன்றை எடுத்து நீட்டினார். பக்கத்து நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தார்கள். நாற்பத்தைந்து கிராம்.

“இதையே எடுத்துக்கப்பா. கழுத்துக்கு இதமா இருக்கும்.”

“சார், அதுக்கு பாக்ஸ் இல்ல. அது வந்து...” என்று செந்தமிழன் இழுத்தார்.

“பாக்ஸையா தலையில கட்டிக்கப் போறாரு?” என்று ராஜாராம் சிரித்தார்.

செந்தமிழன் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை 4.10க்கு ஏறத் தொடங்கினார்கள். ஆதிமூலம் முன்னே, பெரிய விளக்குடன் ராஜாராம் பின்னே.

4.25. நெற்றிப் பட்டை நனைந்திருந்தது. ஆதிமூலத்துக்கு இன்னும் வியர்க்கவேயில்லை.

4.31. பாதை வலப்பக்கம் வளைந்தது. வெளிச்சமோ இடப்பக்கம் விழுந்தது. விளக்கைச் சரிசெய்யக் கையை உயர்த்தினார். விளக்கு நேராகத்தான் இருந்தது. திரும்பியிருந்தது அவருடைய தலை.

பலங்கொண்டமட்டும் திருப்பினார்... அசையவில்லை. யாரோ உள்ளங்கையை நெற்றியில் வைத்து அழுத்துவதுபோல் விளக்கு கனத்தது.

சொட்... சொட்...

இடப்பக்கச் சுனையில் நீர் சொட்டும் ஒலி. கோடையில் வற்றிப்போன சுனை அது.

வெளிச்சம் அங்கே போய் நின்றது. விளிம்பில் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

“ராஜா...”

பின்னால் ராஜாராமின் வெளிச்சம் இல்லை.

சொட்...

4.38. பட்டையைப் பிய்த்தெடுத்தார். விளக்கை அணைத்துக் கையில் இறுக்கியபடியே, இருட்டில் விழுந்து புரண்டு இறங்கினார்.

அடிவாரத்தில், விளக்கை அணைத்துவிட்டு, வண்டிமேல் ராஜாராம் உட்கார்ந்திருந்தார். ஆதிமூலத்தின் முழங்காலில் வழிந்த இரத்தத்தை அவர் பார்க்கவேயில்லை.

“இன்னா தெரிஞ்சிது?”

ஆதிமூலத்துக்கு அந்த ஒரு கேள்வி போதுமாயிருந்தது.

“தெரிஞ்சேவா என் தலையில கட்டின?”

“போன வாரம் நான்தான் அதை வாங்கினேன். தனியா வந்தேன்... மறுநாளே திருப்பிக் குடுத்துட்டேன். எனக்குத்தான் புத்தி பேதலிச்சிடுச்சான்னு தெரிஞ்சிக்கணும் இல்ல?”

“அதுக்கு நான்தான் கெடச்சனா?”

ராஜாராம் தலை குனிந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

“எனக்கு முதுகுதான் தெரிஞ்சிது. உனக்கு?”

“பக்கவாட்டுல. ஒரு காது... ஒரு கன்னம்.”

விளக்கை அவர் காலடியில் எறிந்துவிட்டு, ஆதிமூலம் நடந்தே வீடு போய்ச் சேர்ந்தார். மூன்று நாள் காய்ச்சல். சுனையோரம் கண்டதைக்கூட மறந்துவிடலாம் என்றார் என்னிடம். தம் அச்சத்தைச் சோதித்துப் பார்க்க நண்பனின் கழுத்தைப் பயன்படுத்தியவரை எப்படி மறப்பது?

நான்காம் நாள், காலை 10.20. ராஜாராமின் மனைவி ஜெயக்கொடி ஃபோனில் அழைத்தார்.

“அண்ணே, அவரு உங்களோட இருக்காரா? செந்தமிழன் கடைக்குப் போயிட்டு வர்றேன்னு முந்தாநேத்து போனாரு... இன்னும் வரலண்ணே.”

ஆதிமூலம் கடைக்கு ஓடினார்.

“வந்தாரு சார். அந்த லைட்டைத் திருப்பிக் குடுக்கத்தான் வந்தாரு. கூட வந்தவரு வேணாம்னு தலையாட்டினாரு. உடனே சாரு அதை நெத்தியில மாட்டிக்கிட்டாரு. பட்டப்பகல்ல, லைட்டு எரிய எரிய, ரெண்டு பேரும் மேற்கால போனாங்க.”

“கூட வந்தது யாரு?”

செந்தமிழன் யோசித்தார்.

“மொகத்தை நான் பாக்கல சார். வாசல்ல ஒருபக்கமாவே நின்னுட்டிருந்தாரு... கெளம்பறப்பதான், ராஜாராம் சார் பக்கமா முழுசா திரும்பினாரு.”