மூன்று செகண்டு மரியாதை

கூடைப்பந்து கோச்சுக்குக் கூடைப்பந்து சொல்லிக் கொடுக்கப் பாளையங்கோட்டையில் ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. பால்காரர் முதல் பல் டாக்டர் வரை எல்லாரும் இலவசமாகச் சொல்லித் தருவார்கள். விசில் மட்டும்தான் நம்முடையது. என்னைப் போலச் சாயங்காலம் ஐந்து மணிக்கு மைதானத்துக்குப் போய், ஏழு மணிக்குத் தலைவலியோடு வீடு திரும்பும் சக பாவிகளே, இது உங்களுக்காக எழுதுவது. மற்றவர்கள் படித்தால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஒசரம்

செல்வின் என்னிடம் வந்தபோது ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். ஆறடி மூன்றங்குலம். அவனுடைய அப்பா கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர். வந்ததும் வராததுமாகக் கறாராகச் சொல்லிவிட்டார்: "இந்த ஒரு வருசந்தான் சார். விளையாட்டுக் கோட்டாவுல எங்கயாவது காலேஜு சீட்டு கெடச்சா படிக்கட்டும். இல்லன்னா எங்கூட கம்பெனிக்கு வந்துர வேண்டியதுதான்." பையன் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் படிக்க ஆசை என்பது அந்த நிற்பிலேயே தெரிந்தது.

"பவர் ஃபார்வேர்டா ஆட வைக்கேன்" என்றேன். பவர் என்றதும் அப்பாவின் முகம் மலர்ந்தது. அப்படியென்றால் என்ன வேலை என்று கேட்டார். கூடைக்கு அடியில் நின்று இடிபடணும், கேப்டனைத் துரத்தி வருகிறவனைக் குறுக்கே நின்று மறிக்கணும், உள்ளே போகாத பந்தை எம்பிச் சாடி எடுக்கணும் என்று உள்ளதைச் சொன்னேன். உள்ளதைச் சொன்னது என் தப்புதான். "அப்ப பேப்பர் போட்டோவுல வாரது யாரு?" என்றார். "கேப்டன்" என்றேன். மகனை உச்சி முதல் பாதம் வரை ஒரு தடவை பார்த்தார். "அப்ப இம்புட்டு ஒசரம் வளத்தது வீண்தானா சார்?"

மூணு செகண்டு

எங்கள் கிளப் டீமின் கேப்டன் சங்கரலிங்கம் அண்ணாச்சி. வயசு நாற்பதைத் தொடப் போகிறது. மார்க்கெட்டில் எலக்ட்ரிக்கல் கடை. டீமுக்கு ஜெர்சி வாங்கித் தந்தார், கேப்டன் ஆனார். இதற்கு மேல் காரணம் கேட்காதீர்கள்.

கூடைக்கு முன்னால் உள்ள கட்டத்துக்குள், நம்ம டீம் பந்து வைத்திருக்கும்போது ஒருத்தன் மூணு செகண்டுக்கு மேல் நிற்கக் கூடாது. நின்றால் பந்து எதிராளிக்கு. செல்வின் உள்ளே நுழைவான், ஆளை முதுகால் தள்ளி அருமையாக இடம் பிடிப்பான். வேறு பையனாக இருந்தால் கையைத் தூக்கி ஒரு கத்து கத்துவான். இவன் நல்ல குடும்பத்துப் பிள்ளை அல்லவா? "சங்கரலிங்கம் அண்ணாச்சி, பந்தக் கொஞ்சம் இங்கன தாரியளா?" என்பான். 'அண்ணாச்சி'க்கு ஒரு செகண்டு, 'கொஞ்ச'த்துக்கு ஒரு செகண்டு, 'தாரியளா'வுக்கு ஒரு செகண்டு. அவ்வளவுதான், விசில்! ஒரே மேட்சில் ஐந்து தடவை இந்தக் கூத்து. கடைசியில் ரெஃப்ரியே மனசு கேட்காமல் என் பக்கம் வந்தார். "பய நல்ல வளர்ப்பு சார். என்ன செய்ய, மூணு செகண்டு முடிஞ்சு போச்சே!"

பெரியவங்கள்லா

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பவர் ஃபார்வேர்டுக்குச் சோறு போடுவது ரீபவுண்டு. ரிங்கில் பட்டுத் திரும்புகிற பந்தை மற்றவனுக்கு முன்னால் சாடி எடுக்கிற வேலை. செல்வின் சாடினால் கை ரிங்கைத் தொடும். ஆனால் பக்கத்தில் அண்ணாச்சியும் ஓரங்குலம் எம்பிவிட்டார் என்றால் போச்சு, மேலே போன கையை அந்தரத்திலேயே சுருக்கிக்கொள்வான். "நீங்க எடுங்க அண்ணாச்சி." அண்ணாச்சி எடுத்தால்தானே! அதற்குள் எதிராளி பந்தோடு பாதி மைதானம் தாண்டியிருப்பான்.

தொண்டை கட்டுகிற அளவுக்குக் கத்தினேன். "ஏலே கூறு கெட்டவனே, கைக்கு வந்த பந்த ஏம்லே விட்ட?" அவன் கொஞ்சமும் பதறவில்லை. எனக்குத்தான் ஏதோ தெரியவில்லை என்கிற பரிவோடு பைய விளக்கினான்: "மேல கை பட்டுரும்லா சார். வயசுல பெரியவங்கள்லா."

முட்டை

நடுவில் ஒரு மாசம் பய சாடுவதே குறைந்துபோனது. இரண்டு ரவுண்டு ஓடினால் மூச்சு வாங்கினான். விசாரித்தால், அவன் அப்பா 'பவர்' என்ற சொல்லை விடவே இல்லை. காலையில் ஆறு முட்டை, சாயங்காலம் ஆறு முட்டை, நடுவில் யாரோ ஜிம்காரன் சொன்னான் என்று ஒரு மாவு வேறு. மைதானத்துக்கு வருகிற நேரத்தில் வயிறு கல்லாக இருக்கும். அவரைக் கூப்பிட்டுத் திட்டினேன். அவருக்கு வந்ததே கோபம்! "பவர் ஏத்தத்தான சார் குடுத்தேன்? சாடுததுக்குத் தனியா என்ன குடுக்கணும்னு நீங்க சொல்லவே இல்லையே!"

ஜங்ஷன் பஸ்

கேலரிப் படியில் தினமும் ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கையில் வறுகடலைப் பொட்டலம். ஜென்மத்தில் பந்தைத் தொட்டது கிடையாது. கருத்து மட்டும் கடலைத் தோலோடு சேர்ந்து உதிர்ந்துகொண்டே இருக்கும்.

இரண்டு மாசம் உயிரைக் கொடுத்து செல்வினுக்கு ஸ்கிரீன் போடக் கற்றுக் கொடுத்திருந்தேன். அண்ணாச்சியைத் துரத்தி வருகிறவன் பாதையில் அசையாமல் நின்று, மோதுவதை நெஞ்சில் வாங்கணும். அசைந்தால் ஃபவுல். அன்றைக்குப் பய தூண் மாதிரி நின்றான். இடிக்கு மேல் இடி. அந்த மறைவில் அண்ணாச்சி காலாற நடந்து போய் வரிசையாக நாலு கூடை போட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது படியிலிருந்து குரல் வந்தது: "சங்கரலிங்கம் என்னா ஓட்டம் ஓடுதான் பாரும்! அந்த நெட்டக் கொக்கு மட்டும் ஜங்ஷன் பஸ்ஸுக்கு நிக்க மாதிரில்லா நிக்கான்."

லே

ஒரு நாள் எல்லாரையும் உட்கார வைத்துச் சட்டம் போட்டேன். கோட்டுக்குள் வந்துவிட்டால் அண்ணாச்சியும் கிடையாது, தம்பியும் கிடையாது. யாரைக் கூப்பிட்டாலும் 'லே', அதாவது எங்கள் ஊர் 'டா'. ஒரே எழுத்து, அரை செகண்டுகூட ஆகாது. அண்ணாச்சி பெருந்தன்மையாகத் தலையாட்டினார். "களத்துல என்னவே மரியாத? நாமள்லாம் ஸ்போர்ட்ஸ்மேன்லா" என்றார். அதை நம்பினேன் பாருங்கள், என்னைச் செருப்பால் அடிக்கணும்.

செல்வினுக்கு அந்த 'லே' தொண்டையைத் தாண்டி வர ஒரு வாரம் ஆனது. முதலில் வாயை மட்டும் அசைத்தான். அப்புறம் "லே அண்ணாச்சி" என்றான். ஒரு 'அண்ணாச்சி'க்கு ஒரு ரவுண்டு என்று ஓட விட்டேன். எட்டாம் நாள் பயிற்சி மேட்ச். பய உள்ளே இடம் பிடித்தான், கையைத் தூக்கினான், மைதானம் அதிரக் கத்தினான்: "ஏலே சங்கரலிங்கம், இங்கன போடுலே!" படியில் கடலை மெல்லும் வாய்கூட நின்றது. அண்ணாச்சி பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். முகம் கன்றிப்போயிருந்தது. "லேன்னு கூப்பிடச் சொன்னீரு, சரி. பேரு எதுக்குவே சொல்லுதான்?"

இடைவேளை

அன்றோடு அண்ணாச்சி அவனுக்குப் பந்து தருவதை நிறுத்திவிட்டார். சண்டை இல்லை, ஏச்சு இல்லை. பந்து மட்டும் அவன் பக்கம் போகாது. நேரம் பார்த்து டோர்னமெண்ட் வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் கோச் ஆள் எடுக்க வந்திருந்தார். பவர் ஃபார்வேர்டுக்கு ஒரே ஒரு சீட்டு, ஹாஸ்டலோடு. செல்வினின் அப்பா ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

முதல் பாதி முழுக்க பய கையைத் தூக்கியபடி உள்ளே ஓடினான், வெளியே வந்தான். பேரோடு கூப்பிட்டான், பேரை விட்டும் கூப்பிட்டான். அண்ணாச்சி அந்தப் பக்கமே திரும்பவில்லை. கோயம்புத்தூர்க்காரர் நோட்டை மூடி வைத்துவிட்டு மொபைலை எடுத்தார். எனக்கு அண்ணாச்சியின் கழுத்தைப் பிடிக்கலாம் போல இருந்தது. வெளியே உட்கார வைக்கலாம்தான். வைத்தால் தன் ஜெர்சியோடு மற்ற எல்லார் ஜெர்சியையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார். இடைவேளையில் செல்வின் கண் கலங்க என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "சார், மறுபடியும் அண்ணாச்சின்னே கூப்பிட்டுக்கிடட்டா? அப்பமாவது தருவாவளா?"

உள்ளே போகாத பந்து

"நீ ஒருத்தனையும் கூப்பிட வேண்டாம்லே" என்றேன். "அவரு எறியட்டும். உள்ள போவாத பந்து பூரா ஒன் பந்து. அத யாருட்டயும் கேட்டு வாங்க வேண்டாம். பக்கத்துல எந்தப் பெரியவன் நின்னாலும் கையச் சுருக்காத." இரண்டாம் பாதியில் அண்ணாச்சி எறிந்தார். எங்கிருந்தெல்லாமோ எறிந்தார். ஆட மாட்டாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். இவருக்கு ரிங்கு கோணல், போர்டு கோணல், அடிக்கிற வெயிலும் கோணல். ஒன்று உள்ளே போனால் ஐந்து போகாது. போகாத ஒவ்வொன்றையும் செல்வின் மூன்று பேர் தலைக்கு மேலே சாடி எடுத்தான், எடுத்த கையோடு உள்ளே போட்டான். ஒரு தடவை அண்ணாச்சியின் விரலிலிருந்தே உருவினான். நான் எழுந்து நின்று கத்தினேன். சொல்ல என்ன வெட்கம், அழுதும்விட்டேன். அங்கே நோட்டு மறுபடி திறந்திருந்தது.

இரண்டு பாயிண்டில் தோற்றோம். யாருக்கு வேண்டும் அந்தக் கப்பு! கோயம்புத்தூர்க்காரர் நேரே அப்பாவிடம் போய், பரீட்சை முடிந்ததும் பையனைக் கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள் என்றார். அந்த மனுஷன் மகனுடைய தோளை எட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அண்ணாச்சியைத் தேடிப் போனேன். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்றுதான் போனேன். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர் முந்திக்கொண்டார்: "பாத்தீராவே? நான் மட்டும் ஒழுங்கா போட்டிருந்தா, இந்தப் பயலுக்குச் சீட்டு கெடச்சிருக்குமா?"

இத்தனை வருஷம் விசில் ஊதி நான் கண்டது இதுதான்: நம்மூரில் ஒரு சின்னப் பையன் கரையேற, கை கொடுக்கிற பத்துப் பேர் வேண்டாம், குறி தப்பாமல் குறி தப்புகிற ஒரே ஒரு பெரிய மனுஷன் போதும்.