இரண்டு அடுப்பு

என் அண்ணன் சேதுபதியும் தம்பி கணேசமூர்த்தியும் கஜா பேராங் என்ற ஊரில் ஒரே கூரையின்கீழ்தான் இருந்தார்கள். அடுப்பு மட்டும் இரண்டு. இரண்டையும் பற்றவைத்தவள் நடுவில் பிறந்த நான், சாரதாம்பாள். புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்தவளுக்கு வேறென்ன வேலை? ஜப்பான்காரன் வந்து அரிசி போய், மரவள்ளிக் கிழங்கே கதி என்றான பிறகும் அதே கிழங்கை இரண்டு சட்டியில் வேகவைத்தேன். ஒருவன் சட்டியில் மற்றவன் கைவைக்க மாட்டான். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். விறகு பொறுக்குகிறவளுக்கு இல்லை.

எல்லாம் சின்ன வயதுச் சண்டை. தம்பிக்கு எட்டு வயது, அண்ணனுக்குப் பதின்மூன்று. ஒரு பழைய சைக்கிள் வளையத்தை யார் உருட்டுவது என்று ஆரம்பித்தது. அண்ணன் ஓங்கி விட்ட அறையில் தம்பியின் இடது காதில் ரத்தம் வந்தது, பிறகு சீழ் வந்தது, பிறகு அந்தக் காது கேட்கவே இல்லை. அப்பா அண்ணனைப் பெல்ட்டால் விளாசினார். அதோடு முடிந்தது என்று நினைத்துவிட்டானோ என்னவோ, அண்ணன் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. தம்பி மறக்கவில்லை. அண்ணன் வாயைத் திறந்தாலே வேண்டுமென்று இடது பக்கத்தைத் திருப்பிக்கொள்வான்.

"அடிச்சது எந்தக் காதுன்னுகூட அவனுக்கு ஞாபகம் இருக்காதுக்கா" என்பான். அம்மா செத்த மறுமாதம் இரண்டாவது அடுப்பைக் கட்டியதும் அவன்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில் சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் பிடித்தார்கள். குடும்பத்துக்கு ஓர் ஆள். எங்கள் பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் வீடு வீடாகப் போய், அடுப்பை எண்ணிக் குடும்பம் எழுதுகிறார் என்று தெரியவந்தது. அன்று காலையே இருவரிடமும் கெஞ்சினேன். ஓர் அடுப்பை இடித்தால் ஒருவனாவது வீட்டில் நிற்பான் என்றேன். அவன் இடிக்கட்டும் என்றான் அண்ணன். தம்பி இடது காதைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நானே இடித்திருக்கலாம். இருவரையும் நினைத்தாலே அலுப்பாக வந்தது, எக்கேடோ கெடுங்கள் என்று படுத்துவிட்டேன். அந்த அலுப்புக்காக இன்றைக்கும் என்னை என்னால் மன்னிக்க முடியவில்லை. இரண்டு அடுப்புக்கு இரண்டு பெயர் எழுதிக்கொண்டு போனார் அவர்.

திடலில் வரிசையாக நிறுத்திப் பரிசோதித்தார்கள். தம்பியின் இடது காதில் இன்னமும் சீழ் வடிவதைக் கண்டதும் ஏதோ தொற்று என்று தள்ளிவிட்டார்கள். அண்ணன் விட்ட அறைதான் அவனைக் காப்பாற்றியது. அதை வாய்விட்டுச் சொல்ல எங்கள் யாராலும் முடியவில்லை.

லோரியில் ஏறுமுன் அண்ணன் எங்களிடம் வந்தான். தம்பி வழக்கம்போல் இடது பக்கத்தைத் திருப்பிக்கொண்டான். அண்ணன் அவனைச் சுற்றிக்கொண்டு வலது பக்கமாகப் போய் நின்றான்.

"மழையில தலைய நனைச்சிராத. அந்தக் காதுக்கு ஆகாது" என்றான்.

தம்பி வீட்டுக்கு வந்ததும் என்னிடம்கூடச் சொல்லாமல் தன் அடுப்பை இடித்து மண்ணை வெளியே கொட்டினான். அன்றிலிருந்து அண்ணனின் அடுப்பில்தான், ஒரே சட்டியில் கிழங்கை வேகவைத்தேன். சண்டை முடிந்து ஜப்பான்காரனும் போய்விட்டான். அண்ணன் வரவில்லை.