இடுப்புப் படம்

என் மகனுக்குப் பிறந்ததிலிருந்தே மூளைவாதம். கால் சதை இறுகி இரண்டு தொடையும் பின்னிக்கொள்ளும். அந்த இறுக்கமே தொடையெலும்பின் உருண்டையை இடுப்புக் கிண்ணத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிவிடுமாம். அதைப் பார்க்கத்தான் அடிக்கடி எக்ஸ்ரே. "இன்னும் நழுவியிருந்தா ஆபரேஷன்தாம்மா" என்று போன தடவையே டாக்டர் சொல்லியிருந்தார். எட்டு வயசுப் பிள்ளையின் எலும்பை அறுப்பார்களாம்! முடியவே முடியாது என்று தீர்மானம் பண்ணிக்கொண்டுதான் அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. ஆட்டோ நகரவில்லை. "இன்னாக்கா, மூஞ்செல்லாம் வேர்த்துக்கினு கீது?" என்றார் ஆட்டோக்காரர். "ரோட்டப் பாத்து ஓட்டு நைனா" என்றேன். லாரி நகர்ந்தால்தானே அவரும் ஓட்டுவார், பாவம்.

எக்ஸ்ரே அறையில் படம் எடுக்கிற அக்கா ஒருவர் இருந்தார். "மெட்டல் எதுனா கீதா? கழட்டிடு." பிள்ளையின் கைக்காப்பைக் கழற்றினேன். இடுப்பு கோணாமல், முட்டி மேலே பார்க்க, கால் நேராக அவன் படுக்க வேண்டும். பயந்தால் உடம்பு இன்னும் விறைக்கும். கனமான ஈய அங்கியை மாட்டிக்கொண்டு அவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டேன்.

திரையில் படம் வந்தது. மூட்டுக்கு மேலேயே வெள்ளையாக ஒரு துண்டு! "ஐயோ, எலும்பு உடைஞ்சிடுச்சா?" என்று அலறிவிட்டேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "அது தாயத்தும்மா! மெட்டல் கீதான்னு கேட்டேன்ல?"

அரைஞாண் கயிற்றில் கோத்த தாயத்து. சத்தியமாக எனக்கு நினைப்பே வரவில்லை. காப்பு நகை, கழற்றினேன். அரைஞாண் நகையா என்ன? அது அவன் உடம்போடு உடம்பு. முடிச்சு இறுகிக் கிடந்ததால் அக்கா கத்தரிக்கோலை எடுத்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். அரைஞாணை அறுத்து இடுப்பை வெறுமையாக்குவது பிணத்துக்குத்தான். எங்கள் பக்கம் புதுக் கயிறு கட்டிய பிறகே பழையதை அறுப்போம். "உசுரோட கீற புள்ளைக்கு அறுப்பியா நீ?" என்று கத்தினேன். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. கட்டுத்துணியில் ஒரு பட்டையைக் கிழித்து முறுக்கி நீட்டினார். "இத்த கட்டிட்டு அத்த அறு. துணி படத்துல மறைக்காது." அவர் வீட்டிலும் அதே வழக்கம் போல. கட்டினேன், நானே அறுத்தேன். மறுபடி படம் எடுத்தார்கள்.

டாக்டர் புதுப் படத்தின் மேல் கோடுகள் இழுத்துப் பார்த்தார். உருண்டையில் பாதி கிண்ணத்துக்கு வெளியே நின்றது. "இனி தள்ளிப்போட முடியாதும்மா."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நடக்க மாட்டான்னு நீங்கதான சார் சொன்னீங்க? அப்பறம் எதுக்கு அறுக்கணும்? அவனுக்கு வலியே இல்ல!"

அவர் என்னோடு வாதாடவில்லை. அவன் பக்கம் குனிந்து, "வலிக்குதாடா கண்ணா?" என்று கேட்டார்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு டாக்டரிடம் மெதுவாகச் சொன்னான்: "பேன்ட் மாத்தும்போது வலிக்கும் சார். சொன்னா அம்மா அழும்."

தினமும் அவனுக்குப் பேன்ட் மாற்றுவது நான்தான். காலைப் பிரிக்கும்போது பல்லைக் கடிப்பான். விறைப்பு என்றுதான் நினைத்திருந்தேன்.

"ஆபரேஷன் எப்போ சார்?" என்று கேட்டேன்.