மீட்டர் போட்ட குட்டிகள்

என் பெட்டியை அழுக்கு என்று சொன்னவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னித்துவிடு என்று என் வீட்டுக்காரர் இரண்டு தவக்காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆகட்டும், பார்க்கலாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

பெட்டி என்றால் ரேடியோப் பெட்டி. பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை. நாம் பேசினால் வெளியூர்க்காரருக்குக் கேட்கும், அவர் பேசினால் நமக்குக் கேட்கும். ஹாம் ரேடியோ என்பார்கள். அரசாங்கம் பரீட்சை வைத்து லைசென்ஸ் தருகிறது. லைசென்ஸ் என் வீட்டுக்காரருடையது. அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பேசுவது அவர், கட்டுவது நான். அவர் ஈயம் வைத்தால் பாதி போர்டிலும் பாதி வேட்டியிலும் விழும்.

எனக்கு இந்த வேலை வந்த வழி வேறு. ரெட்டியார்சத்திரத்தில் எங்கள் பிறந்த வீட்டாருக்கு மோட்டார் பட்டறை. கிணற்று மோட்டார் எரிந்து வந்தால் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிக் கொடுக்கிற பட்டறை. கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக முப்பது வருஷம் அங்கே நான் சுற்றினேன். கம்பியை இரண்டு விரலுக்கு இடையில் உருட்டினால் எத்தனையாம் நம்பர் கம்பி என்று சொல்லிவிடுவேன். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்றுவிட்டது. எண் நன்றாக வரும், எழுத்து மெதுவாக வரும். இதையும் மெதுவாகத்தான் எழுதுகிறேன். எனக்கு அவசரமில்லை.

நான்கு மாதம் உட்கார்ந்து அந்தப் பெட்டியைக் கட்டினேன். ஐந்து வாட் கொடுக்கும். மோதிரம் போன்ற வளையங்களில் ஒவ்வொரு சுற்றையும் நகத்தால் நெருக்கிச் சுற்றினேன். மேல்கூட்டுக்குப் பீரோ பட்டறையில் வெட்டி மிஞ்சிய தகடு. என் வீட்டுக்காரர் காலை நேரத்தில் அதில் பேச ஆரம்பித்தார். வகுப்பறையை விட்டு வந்தபிறகு சோர்ந்து கிடந்த மனிதருக்கு முகத்தில் வெளிச்சம் வந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழனி ரோட்டில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் இந்த ரேடியோக்காரர்கள் கூடுவார்கள். பதினைந்து ஆண்கள், நான் ஒருத்தி. செயலாளர் என்று ஒருவர் உண்டு. பெரிய உத்தியோகத்தில் இருந்தவர். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த அனலைசர் ஒன்று அவரிடம் இருக்கிறது. அது என்ன செய்யும் என்று சொல்லிவிடுகிறேன். பெட்டியிலிருந்து எந்த இடத்தில் எவ்வளவு போகிறது என்று திரையில் கோடு கோடாகக் காட்டும். நாங்கள் ஏழு மெகாஹெர்ட்ஸ் பாண்டில் பேசுகிறோம். ஏழில் ஒரே கோடு நிற்க வேண்டும். பதினாலிலும் இருபத்தொன்றிலும் கோடு முளைத்தால் அடுத்தவன் இடத்தில் நம் அழுக்கு விழுகிறது என்று அர்த்தம். பெரிய கோட்டுக்குத் தாய், மற்றவற்றுக்குக் குட்டி என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பெட்டியை அதில் மாட்டினார்கள். தாய் நின்றது. பக்கத்தில் குட்டிகளும் நின்றன. செயலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“வாத்தியார் சார், வீட்டம்மாவ மாவாட்டச் சொல்லுங்க. பாண்டு பூரா உங்க வீட்டுச் சட்னிதான் தெறிச்சுக் கிடக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். கூட்டத்தில் சிரிக்காமல் இருக்க முடியாமல் சிரித்த சிரிப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அது உள்ளே போய்த் தங்கிவிட்டது. அதோடு விட்டாரா? பெரிய ஆசிலாஸ்கோப், பெரிய அனலைசர் வாங்க வக்கில்லாதவர்கள் ரேடியோ கட்டக் கூடாது, கடையில் விற்கிற பெட்டியை வாங்கி ஒழுங்காகப் பேச வேண்டும் என்று அரைமணி நேரம் பேசினார். பேசிக்கொண்டே தன்னுடைய வெளிநாட்டுப் பெட்டியைத் தோல்பையிலிருந்து எடுத்துத் துடைத்தார். அதுவும் ஐந்து வாட் பெட்டிதான். அதை மாதாமாதம் கொண்டுவந்து மேசையில் வைப்பார், பிள்ளையைக் காட்டுவது மாதிரி.

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் பெட்டியை இயக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அடுத்தவர்களுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாதல்லவா என்று சொல்லி அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பரையே திருப்பித் திருப்பிப் படித்தார். இரண்டு காரியம் நடக்க வேண்டும் என்று நான் அன்றைக்கு முடிவு செய்தேன். அந்தத் துண்டு விலக வேண்டும். அந்த ஆள் எழுந்து நின்று தலை குனிய வேண்டும்.

அதற்கு எனக்குச் சொந்தமாக மீட்டர் வேண்டும். எங்கள் வசதிக்கு எதை வாங்குவது, எதைக் கையால் செய்துகொள்வது என்று ஒரு மாதம் யோசித்தேன். மல்டிமீட்டர் பட்டறைக் காலத்திலிருந்தே இருந்தது. ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பெட்டியின் சக்தியை வாங்கிக்கொள்ள ஒரு பொய்ச் சுமை வேண்டும். ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் இருபதை இரண்டு செம்புத் தகட்டுக்கு நடுவே வரிசையாக நிறுத்தி ஈயம் வைத்தேன். மீட்டரில் பார்த்தால் ஐம்பது ஓம், பிசகில்லை. ஒரு டையோடும் ஒரு கண்டன்சரும் சேர்த்து மல்டிமீட்டர் முனையில் மாட்டினால் எத்தனை வாட் போகிறது என்று தெரிந்துவிடும். இவற்றுக்கெல்லாம் ஆன செலவு ஒருநாள் கறிச்செலவுகூட இல்லை. புதிதாகக் கட்ட வருகிறவர்கள் முதலில் இந்த இரண்டையும் செய்துகொள்ள வேண்டும் என்பேன். ஆனால் இவை எடையைத்தான் சொல்லும். சுத்தமா என்பதைச் சொல்லாது.

மதுரையில் பழைய கருவிகள் விற்கும் கடைக்கு என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஆட்டுக்கல் கனத்தில், மின்அலையை வரைந்து காட்டுகிற ஓர் ஆசிலாஸ்கோப். அவருக்கு அதன்மேல் ஆசை. பள்ளிக்கூட ஆய்வகத்தில் அதைப்போல ஒன்று இருந்ததாம். பச்சைக் கோடு அழகாகத்தான் ஓடியது. நான் கடைக்காரரிடம் கேட்டேன்.

“அரிசியில கல்லு கிடந்தா இதுல தெரியுமா தம்பி?”

“பெரிய கல்லு தெரியும்மா. நொய்யி மாதிரி கிடந்தா தெரியாது.”

நேர்மையான ஆள். எனக்கு வேண்டியது நொய்தான். அதை அங்கேயே விட்டுவிட்டு, உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன அனலைசர் ஒன்றை வாங்கினேன். சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். செயலாளருடையதன் விலையில் கால்வாசிகூட வராது. என் வீட்டுக்காரர் பஸ்ஸில் வரும்போதெல்லாம், இதை வைத்துக்கொண்டு அவரோடு மல்லுக்கு நிற்கப் போகிறாயா என்று முணுமுணுத்தார். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஐந்து வாட்டை அப்படியே இந்தச் சின்ன மீட்டருக்குக் கொடுத்தால் அது செத்துப்போகும். நடுவில் ஒன்று தணித்துக் கொடுக்க வேண்டும். அதற்கு அட்டனுவேட்டர் என்று பெயர். செயலாளர் விரல் நீளத்தில் ஓர் உருளையைத் திருகி வைத்திருந்தார், முப்பது டெசிபெல் தணிக்கும். நான் ரெசிஸ்டர்களை வைத்து அதே முப்பதுக்கு ஒன்றும், பத்துக்கு ஒன்றுமாக இரண்டு டப்பா செய்தேன்.

முப்பது டப்பாவை வைத்து என் பெட்டியை மாட்டிப் பார்த்தேன். பதினாலில் குட்டி நின்றது. இருபத்தொன்றிலும் நின்றது.

அப்படியானால் அந்த ஆள் சொன்னது உண்மையா? இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பெட்டியைப் பிரித்து வளையங்களை அறுத்தெடுத்துவிடுவது என்று சால்டரிங் அயர்னைச் சூடேற்றிவிட்டேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர் அந்த மீட்டரோடு வந்த தாளை வாசித்துக்கொண்டிருந்தார். ரொம்பக் குறைவாகக் கொடுத்தால்தான் சரியாகக் காட்டும், அதிகமானால் சாகாவிட்டாலும் பொய் சொல்லும் என்று போட்டிருப்பதாகச் சொன்னார்.

எனக்குத் திருவிழா மைக்செட் ஞாபகம் வந்தது. கொடியேற்றத்தன்று வாயை மைக்கில் ஒட்டிக்கொண்டு கத்துவார்கள். ஒலிபெருக்கிக் குழாயில் கரகரவென்று வரும். கரகரப்பு கத்துகிறவர் தொண்டையில் இல்லை. மைக்செட் தாங்காமல் போடுகிற சத்தம் அது.

அயர்னை அணைத்துவிட்டு, முப்பதோடு பத்து டப்பாவையும் சேர்த்து மாட்டினேன். திரையில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருக்கும். ஒரு கட்டம் பத்து டெசிபெல். தாய் ஒரு கட்டம் இறங்கியது. குட்டிகள் என் பெட்டியுடையவை என்றால் அவையும் ஒரு கட்டம்தான் இறங்க வேண்டும். பதினாலில் நின்ற குட்டி இரண்டு கட்டம் இறங்கியது. இருபத்தொன்றில் நின்றது அதற்கும் கீழே போய், திரையின் அடியில் புல் மாதிரி நெளிகிற இரைச்சலுக்குள் மறைந்துவிட்டது. என் பெட்டி போட்ட குட்டிகள் இல்லை. மீட்டர் போட்ட குட்டிகள்.

என் வீட்டுக்காரர் எழுந்து வந்து பார்த்தார். டப்பாவைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி நாலு தடவை காட்டினேன். உடனே செயலாளருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தார். நான் அதை வாங்கி அரிசி டின்மேல் வைத்தேன். அவர் பதினைந்து பேர் முன்னால் சொன்னதற்குப் போனிலா பதில் சொல்வது?

அடுத்த கூட்டத்து ஞாயிறு பூசை முடிந்து நேரே மாடிக்குப் போனோம். என் பெட்டியை மேசையில் வைத்தேன். பக்கத்தில் அவருடைய பெட்டி, வழக்கம்போல பேட்டரியோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. செயலாளருக்கு ஒரு பழக்கம் உண்டு. வயரைத் தொட மாட்டார். திரைக்கு முன்னால் மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்துகொண்டு, கொடு என்பார். மேசைக்குப் பின்னால் யாராவது மாட்டிக் கொடுக்க வேண்டும். அன்றைக்கு அங்கே போய் நின்றது நான்.

“என்னம்மா, மாத்திச் சுத்துனீங்களா?”

“பாத்துச் சொல்லுங்க சார்.”

மீட்டர் வயரை எடுத்து அவருடைய பெட்டியில் மாட்டினேன். என் வீட்டுக்காரருக்குக்கூட நான் சொல்லியிருக்கவில்லை. சிக்னல் அனுப்புகிற சாவியை அழுத்தினேன்.

அவர் வாசிக்க ஆரம்பித்தார். எல்லோரையும் கிட்டே கூப்பிட்டுக் காட்டினார். பதினாலைப் பாருங்க, இருபத்தொண்ணைப் பாருங்க, ஊர்வலம் போகுது என்றார். போன தடவையைவிட மோசம் என்றார். தகரத்தில் பெட்டி செய்தால் இப்படித்தான் என்றார். அம்புட்டும் சொல்லி முடிக்கட்டும் என்று நின்றேன். ஒருவர் டீ கொண்டுவந்தார், அதையும் வாங்கிக் குடித்தேன்.

அவர் முடித்த பிறகு, “சார், செத்த எந்திரிச்சு வந்து வயரைப் பாருங்க” என்றேன்.

வந்தார். மீட்டரிலிருந்து வயரை விரலால் தடவிக்கொண்டே வந்தார். விரல் தன் பெட்டியில் வந்து முட்டியதும் அங்கேயே நின்றது.

“மீட்டர்ல ஏதோ கோளாறு” என்றார்.

“அன்னைக்கும் இதே மீட்டர்தான சார்.”

யாரோ பின்வரிசையில் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் தலையைக் குனிந்தபடி வயரைப் பிடுங்கினார்.

நான் என் டப்பாக்களைப் பையிலிருந்து எடுத்தேன். வயரை என் பெட்டிக்கு மாற்றி, அவர் உருளையோடு என் டப்பாக்களையும் சேர்த்து மாட்டிச் சாவியை அழுத்தினேன். தாய் மட்டும் தனியாக நின்றது. பக்கத்தில் புல் முளைத்த தரை மாதிரி வெறுமை. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

அவருடைய பெட்டிக்கு அந்த டப்பாக்களைப் போட்டுக் காட்டவில்லை. போட்டிருந்தால் அதுவும் சுத்தமாகத்தான் நின்றிருக்கும். எனக்குத் தெரியும். அவர் கேட்டிருந்தால் போட்டிருப்பேன். கேட்கவில்லை. எங்கள் பெட்டியையும் டப்பாக்களையும் பையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டோம்.

பஸ் ஸ்டாண்டில் வைத்து என் வீட்டுக்காரர், “அவரோடதும் நல்ல பெட்டிதான?” என்றார்.

“நல்ல பெட்டிதான்.”

“சொல்லிருக்கலாம்ல?”

“நம்ம பெட்டி எத்தனை நாளு துண்டு போத்திக் கிடந்துச்சு?”

அவர் ஆயக்குடிக் கொய்யா விற்கிற அம்மாவிடம் இரண்டு வாங்கி ஒன்றை என்னிடம் கொடுத்தார். நான் எனக்குள்ளேயே சிரித்துக்கொள்வதைப் பார்த்து, பாவம் இல்லையா அது என்றும் கேட்டார். கொய்யாவைக் கடித்தேன்.

செயலாளர் தன் பெட்டியைப் பார்சல் கட்டி, வாங்கின இடத்துக்கே பழுது பார்க்க அனுப்பினார் என்று கேள்விப்பட்டோம். கோளாறு ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்ததாம். மறுபடியும் அனுப்பினாராம். மறுபடியும் அப்படியே வந்ததாம். அந்தப் பத்து டெசிபெல் டப்பா எங்கள் வீட்டு அலமாரியில், மெழுகுவர்த்திகளுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வந்து கேட்டால் கொடுப்பேன்.

எங்கள் பெட்டிமேல் கிடந்த துண்டு அன்றைக்கே துணி காயப்போடும் கொடிக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் மைக்கைப் பிடித்தார். குரல் முதலில் கொஞ்சம் பிசிறியது, பிறகு சரியாகிவிட்டது. இப்போது தினமும் பேசுகிறார்.

போன மாதம் ஒருநாள் காலையில் அவர் பேசி முடித்ததும் பழகின குரல் ஒன்று கூப்பிட்டது. செயலாளர். ரொம்ப மரியாதையாகப் பேசினார். உங்கள் சிக்னல் கண்ணாடி மாதிரி இருக்கிறது, பெட்டியில் என்ன மாற்றினீர்கள் என்று தெரிந்துகொள்ளலாமா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

“ஒண்ணும் மாத்தலைன்னு சொல்லுங்க. ஒரு பொட்டு ஈயம்கூட மாத்தல, அதே பெட்டிதான்னு சொல்லுங்க.”

சொன்னார், அப்படியே. சொல்லிவிட்டு மைக்கின் பொத்தானை விட்டார். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரவில்லை. வெறும் இரைச்சல்தான் வந்தது. நான் கீரைத்தட்டை இறக்கி வைத்துவிட்டுப் போய்ச் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.