ஆரஞ்சு ஒயர்

சகாயராணி வேலை செய்யும் பட்டறை வில்லியனூர் புறவழிச்சாலையில் இருக்கிறது. பட்டறை என்று சொன்னால் அங்கிருப்பவர்களுக்குப் பிடிக்காது, சர்வீஸ் சென்டர் என்பார்கள். கரெண்ட் காரும் ஹைபிரிட் காரும் மட்டும் பார்க்கிற இடம். ஏழு பேர் வேலை செய்கிறார்கள். அதில் பெரிய பேட்டரியைத் தொடுவதற்குச் சான்றிதழ் வாங்கியவர்கள் இரண்டே பேர். ஒருவர் சூப்பர்வைசர் கலைச்செல்வன். மற்றவள் சகாயராணி.

குருவிநத்தத்துக்காரி. அப்பனும் ஆத்தாளும் கரும்பு வெட்டப் போனவர்கள். இவள் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தாள். திருபுவனையில் ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷம் மின்பலகை பூட்டினாள். அந்தக் கம்பெனி மூடியபோது இங்கே வந்தாள். முதல் வருஷம் தண்ணி பீய்ச்சி வண்டி கழுவுகிற இடத்தில்தான் நிற்க வைத்தார்கள். பயிற்சிக்குச் சென்னைக்குப் போக யாரும் முன்வராததால் அவளை அனுப்பினார்கள். பதினோரு பேர் எழுதிய பரீட்சையில் அவள்தான் முதலில் வந்தாள்.

"கரெண்ட் வண்டிக்கு சர்வீஸே வேணாம்னு சொல்லித்தாம்மா வித்தான்" என்று வாரத்துக்கு ஒருவராவது வந்து நிற்பார். ஆயில் மாற்ற வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் வண்டி பிரேக்கைத் தொடாமலே வேகத்தைக் குறைத்துக்கொள்வதால், மாதக்கணக்கில் உரசாத பிரேக் தட்டில் கடல்காற்று பட்டுத் துரு ஏறியிருக்கும். பேட்டரி கனத்தில் டயர் சீக்கிரம் தேயும். பேட்டரியைக் குளிர வைக்கிற தண்ணீர் குறைந்திருக்கும். ஹைபிரிட் காரில் பின்சீட்டுக்குக் கீழே காற்று இழுக்கிற வலையில் நாய்முடியும் நெல்தூசியும் கம்பளி மாதிரி அடைத்திருக்கும். அதை ஊதிச் சுத்தம் செய்தாலே பாதிப் புகார் போய்விடும். இதையெல்லாம் அவள் நிதானமாகச் சொல்வாள். கேட்பவர்கள் முதலில் அவள் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு கலைச்செல்வன் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் தலையாட்டியதும் ஒத்துக்கொள்வார்கள்.

அவள் புருஷன் புகழ்வேந்தன் போன கார்த்திகையில் செத்துப்போனான். ஊரில் அரிகரன் என்பவருக்குப் பன்னிரண்டு காணி கரும்பு. அவருடைய மோட்டார் கொட்டாயைப் பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலை. விடாமல் மழை பெய்த வாரம் அது. வயலில் நின்ற தண்ணீரை இறைக்கக் காலையில் மோட்டார் போடப் போனான். ஸ்டார்ட்டர் பெட்டியில் கை வைத்ததுதான். பக்கத்து வயலில் இருந்தவர்கள் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

ஒன்பதாம் நாள் சகாயராணி வேலைக்குப் போனாள். வீட்டிலேயே இருந்த நாத்தனார் வேலம்மாள் வாசலை மறித்துக்கொண்டாள்.

"நாப்பது நாள் கூட ஆவல. ஊரு இன்னாடி சொல்லும்?"

"சொல்லட்டும் அண்ணி."

"உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லியா? நீ ஒரு சொட்டு கண்ணீர் வுட்டு நான் பாக்கலடி."

சகாயராணியும் அதைக் கவனித்திருந்தாள். அழுகை வரவில்லை. பசியும் வரவில்லை, கோபமும் வரவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டாள், படுக்கச் சொன்னால் படுத்தாள். மகள் ரோஸ்லின் ஆறாம் வகுப்புப் படிக்கிறது. அது மடியில் வந்து அழும்போது தலையைத் தடவிக் கொடுத்தாள். தன் கையே ரப்பர் கையுறைக்குள் இருப்பது மாதிரி இருந்தது.

பட்டறையில் மட்டும் தொந்தரவு இல்லை. பெரிய பேட்டரி வேலைக்கு ஒரு வரிசை உண்டு. சாவியை எடுத்துத் தூர வைக்க வேண்டும். சின்ன பேட்டரியின் ஒயரைக் கழற்ற வேண்டும். பெரிய பேட்டரியின் கரெண்டைத் துண்டிக்கிற பூட்டுச் செருகியை உருவித் தன் பாக்கெட்டிலேயே போட்டுக்கொள்ள வேண்டும், வேறு யாரும் திரும்பச் சொருகிவிடக் கூடாது என்பதற்காக. கையுறையைச் சுருட்டிக் காற்று கசிகிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே தங்கிய கரெண்ட் வடியப் பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். பிறகு மீட்டர் வைத்து, பூஜ்யம் காட்டினால்தான் தொடலாம். மற்றவர்கள் அந்தப் பத்து நிமிஷத்தில் செல்போன் பார்ப்பார்கள். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். எதையும் உணரவேண்டிய அவசியமில்லாத பத்து நிமிஷம் அது.

மாசி மாதம், கரும்பு வெட்டு நடக்கும்போது, இழுவை வண்டியில் ஒரு வெள்ளைக் கார் வந்து இறங்கியது. கூடவே வந்து இறங்கியவர் அரிகரன். சகாயராணியைப் பார்த்ததும் அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நீ இங்கதான் இருக்கியாம்மா? கார் கம்பெனின்னு தெரியும்... இதுன்னு தெரியாது."

"வண்டிக்கு இன்னா சார்?" என்றாள்.

ஊரில் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். சார் என்றது அவருக்கு என்னவோ செய்திருக்க வேண்டும், வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு கலைச்செல்வன் பக்கம் திரும்பிப் பேசினார். நேற்று வரைக்கும் நன்றாக ஓடியதாம். காலையில் கிளப்பினால் சிவப்பு விளக்கு எரிகிறது, வண்டி நகரவே மாட்டேன் என்கிறதாம்.

கலைச்செல்வனுக்கு விஷயம் தெரியும். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "நான் பாத்துக்கறேன் ராணி. நீ அந்த ஹைபிரிட்ட எடு" என்றார்.

"உங்களுக்குத் தோள்பட்டை வலின்னு சொன்னீங்களே. நானே பாக்கறேன்" என்றாள்.

வீம்பு ஒன்றும் இல்லை. அது ஒரு வண்டி, அவ்வளவுதான் தோன்றியது.

வரிசைப்படி எல்லாம் செய்துவிட்டுப் பத்து நிமிஷம் நின்றாள். கசிவு அளக்கிற மெக்கர் மீட்டரை வைத்து ஒவ்வொரு பாகமாகப் பிரித்து அளந்தாள். பெரிய பேட்டரியின் கரெண்ட் ஓடுகிற ஒயருக்கெல்லாம் ஆரஞ்சு நிறம்; அதில் ஏசிக்குப் போகிற ஒயரில் கசிவு இருந்தது. வண்டியைத் தூக்கிக் கீழே விளக்கடித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. எலி. கரும்புத் தோட்டத்து ஓரம் நிறுத்துகிற வண்டியில் புகுந்து ஒயரின் மேல்தோலை ஒரு விரல் நீளத்துக்குக் கடித்துத் தின்றிருந்தது. பக்கத்திலேயே காய்ந்த கரும்புச் சோகையில் கூடு கட்டவும் ஆரம்பித்திருந்தது.

அரிகரனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இதான் சார். முழு ஒயரையும் மாத்தணும். சென்னையிலேர்ந்து வர மூணு நாள் ஆவும்."

"மூணு நாளா? ஆலையில நாளைக்கு மீட்டிங் கீதும்மா." அவர் குனிந்து பார்த்தார். "இத்துனூண்டுதானே கடிச்சிருக்கு. இப்போதைக்கு டேப்பு சுத்திக் குடுத்துடேன். அப்புறமா மாத்திக்கலாம்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவர் காதில் விழுந்தது போலிருந்தது. முகம் வெளுத்துவிட்டது.

புகழ்வேந்தன் சாவதற்குப் பத்து நாள் முன்னால் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "ஸ்டார்ட்டர்ல ஒயரு தோலு போயிடுச்சி. டேப்பு சுத்தி வெச்சிருக்கேன். அண்ணன் அப்புறமா மாத்தித் தரேன்னாரு. நீ வந்து ஒருவாட்டி பாரேன்." ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாள். அந்த ஞாயிறு பட்டறையில் மழைக்காலச் சோதனை முகாம் வைத்தார்கள். நாற்பத்திரண்டு வண்டி பார்த்தாள். அடுத்த ஞாயிறு அவன் இல்லை. இதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை.

"ஆரஞ்சு ஒயருக்கு டேப்பு சுத்த மாட்டோம் சார்" என்றாள். குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. "மூணு நாள் ஆவும்."

அவர் பஸ் ஏறிப் போனார்.

நாலாம் நாள் வண்டியை எடுக்க வந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. புது ஒயர் போட்டு, கூட்டைக் கலைத்து, அடிப்பக்கம் வலை அடித்திருந்தாள். கையோடு பிரேக் தட்டுகளையும் பிரித்துத் துரு தேய்த்திருந்தாள். வாரத்துக்கு ஒருமுறை முன்மூடியைத் திறந்து பாருங்கள், வண்டியைத் தோட்டத்து ஓரம் நிறுத்தாதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்வது போலவே சொன்னாள். அவர் சாவியை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார்.

"எங்கிட்ட எதனா கேக்கணும்னா கேளும்மா. திட்டணும்னாலும் திட்டு."

திட்டுவதற்கு உள்ளே எதுவும் கிடைக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்.

"கொட்டாயில ஸ்டார்ட்டர் மாத்திட்டீங்களா?"

அவர் தரையைப் பார்த்தார். "பெட்டி மட்டும் மாத்தினேன்."

"இந்த வண்டியில கொஞ்சூண்டு கசிஞ்சாலும் அதுவே நின்னுடுது. ஒருத்தர் மேலயும் பாயாது. உங்க கொட்டாயில அது இல்ல. கசிஞ்சா தானா விழற பிரேக்கர் போடணும். எர்த்து குழி புதுசா தோண்டணும். எழுதித் தரேன். போட்டுட்டுச் சொல்லுங்க, நான் வந்து பாக்கணும்."

ஜாப் கார்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். அவர் அதை நாலாக மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதிரியார் பூசை முடித்ததும் மீட்டரை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் போனாள். கொட்டாய் வாசலில் அரிகரன் நின்றார். உள்ளே புதுசாக வேலைக்குச் சேர்ந்த இருசப்பன் இருந்தார். ஐம்பதைத் தாண்டிய மனுஷன், காலில் செருப்பில்லை.

பிரேக்கரின் சோதனைப் பொத்தானை அமுக்கினாள். பட்டென்று விழுந்து மோட்டார் நின்றது. தூக்கிவிட்டு மறுபடி அமுக்கினாள். மறுபடி விழுந்தது. எர்த்தை அளந்துவிட்டு, "குழி காஞ்சிருக்கு. வாரா வாரம் ஒரு கொடம் தண்ணி ஊத்துங்க. மாசா மாசம் இந்தப் பொத்தான அமுக்கிப் பாருங்க. விழலன்னா மோட்டார் போடாதீங்க, யாரு சொன்னாலும்" என்றாள் இருசப்பனிடம். "செருப்பு போட்டுக்குனு வாங்க."

"சரிம்மா" என்றார் அவர், அரிகரனை ஒருமுறை பார்த்துவிட்டு.

"போட்டுக்கோய்யா, அது சொல்ற மாதிரியே செய்யி" என்றார் அரிகரன்.

மூலையில் பழைய ஒயர்த் துண்டுகள் கிடந்தன. ஒன்றில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. ஐந்து சுற்று. முனையைக் கத்தரியால் வெட்டாமல் பல்லால் கடித்துக் கிழித்திருந்தான். அவன் எப்போதும் அப்படித்தான், பிஸ்கட் பாக்கெட்டைக் கூட. அவள் அதைத் தொடாமல் பார்த்தாள். இப்போதாவது ஏதாவது வரும் என்று ஒரு நிமிஷம் நின்றாள். வரவில்லை. இருசப்பன் மோட்டாரைத் திரும்பப் போட்டிருந்தார், கூச்சலோடு தண்ணீர் தொட்டியில் விழுந்துகொண்டிருந்தது. மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டில் வேலம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். சகாயராணி எதிரில் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்தாள்.

"அண்ணி, அவரு எங்கிட்ட சொன்னாரு. ஒயரு போயிடுச்சி, வந்து பாருன்னு. நான் போவல."

வேலம்மாளின் கை நின்றது. தன்னைப் பார்த்துக் கத்தப் போகிறாள், வெளியே போடி என்று சொல்லப் போகிறாள் என்று சகாயராணி காத்திருந்தாள். அதுவும் சரிதான் என்று தோன்றியது.

"எங்கிட்டயும் சொன்னான்டி" என்றாள் வேலம்மாள். "அக்கா, பெட்டியில கை வெச்சா சுர்ருங்குதுன்னான். வூட்லயே எலக்ட்ரீசனை வெச்சிக்கினு எங்கிட்ட இன்னாத்துக்குடா சொல்றேன்னு சிரிச்சேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அன்னியிலேர்ந்து உன் மேலயே எரிஞ்சி வுழுந்தேன்."

கீரை பாதி முறத்தில் இருந்தது. சகாயராணிக்கு அப்போதும் கண்ணீர் வரவில்லை. கீரைக்காம்பின் ஈரம் மட்டும் விரலில் சில்லென்று தெரிந்தது, கையிலிருந்த கொத்தை உருவ ஆரம்பித்தாள்.

ரோஸ்லின் வெளியிலிருந்து ஓடி வந்து, பசிக்கிறது என்றது. சகாயராணி எழுந்துபோய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.