கொத்திச் சுத்தம் செய்த கல்

கல்வெட்டுப் படி எடுக்கப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறும்வரை காத்திருந்தால் எழுதவே மாட்டேன்.

1. நடை

தென்காசியிலிருந்து குற்றாலம் வரை நடந்து, வழியிலுள்ள பழைய கற்களைப் பார்த்துக் குறிப்பது என் வேலை. மெட்ராஸில் டிராயிங் படித்து, படி எடுக்கவும் பழகியிருந்தேன். பையில் தாள், இரண்டு பிரஷ், மை, மை ஒற்றும் துணிப்பந்து, ஒரு செம்பு. கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டினால் தாள் எழுத்துக்குள் இறங்கும். மேலே மை ஒற்றினால் எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும்.

மொட்டையாய் நிற்கும் பெரிய கோபுரத்தில் தொடங்கி, ரத வீதிகளைச் சுற்றி, மேற்கே திரும்பினேன். ஊர் தாண்டி, வயலோரம், கிணற்றோடு ஒரு வழிப்போக்கர் மண்டபம்; கோயில் தர்மகர்த்தாவின் பொறுப்பில் இருப்பது. கிணற்றிலிருந்து தள்ளி, வெறுங்குடத்தோடு ஒரு பெண் நின்றாள். பேச்சி என்று பெயர். நடவுக்குப் போகிறவள்.

"எக்கா, அந்தச் சுவத்துல என்ன எழுதியிருக்கு?"

வாசித்தேன். இவ்வழி வருவார் போவார் எல்லாரும் இக்கிணற்று நீர் கொள்ளலாம் என்று இருந்தது.

"எல்லாருமா? நாங்களுமா?"

"எல்லாரும்னுதான் இருக்கு."

"அப்பம் தர்மகர்த்தா ஆளு எங்கள என்னத்துக்குக் கம்பத் தூக்கிட்டு வெரட்டுதான்? அத அப்படியே தாள்ல எடுத்துக் குடுங்கக்கா. தாசில்தார்ட்ட காட்டுதோம்."

2. மரியாதை

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம். தர்மகர்த்தாவுக்குத் தகவல் சொல்லாமல் கல்லில் தாள் ஒட்டக் கூடாது. அதனால் அன்று படி எடுக்காமல் திரும்பி, ஆபீஸரிடம் போனேன்.

"சார், எழுத்து அவருக்கு எதிரா இருக்கு" என்றேன்.

"கல்லுக்கு ஏதும்மா கட்சி? பெரிய மனுஷர். சொல்லிட்டுப் போறதுதான் மரியாதை" என்றார் ஆபீஸர். படி எடுக்க வருகிறோம், சுவரைச் சுத்தமாக வைக்கவும் என்று ஆள் அனுப்பினார்.

3. சுத்தம்

அடுத்த வாரம் ஆபீஸரோடு போனபோது சுவர் புதுக்கல் போலப் பளிச்சென்று இருந்தது. கல்தச்சனை விட்டு முழுவதையும் கொத்தியிருந்தார்கள். தரையெல்லாம் கல்பொடி.

தர்மகர்த்தா சிரித்தார். "வா தாயி. ஒனக்காகத்தான் சுத்தம் பண்ணிருக்கு. பாசி புடிச்ச கல்லுல பொம்பளப்பிள்ள கை வைக்கலாமா?"

ஆபீஸர் சுவரைத் தடவிப் பார்த்தார். "எழுத்தில்லாத கல்னு குறிச்சுக்கோம்மா" என்றார். அவர் குரலில் ஒரு வருத்தமும் இல்லை. தர்மகர்த்தா எங்களைத் தன் வீட்டுக்குக் காபிக்கு அழைத்தார்; அவர்கள் இருவரும் போனார்கள். நான் போகவில்லை.

பேச்சி கிட்டே வந்தாள். "எக்கா, கீழ மண்ணுக்குள்ள ஒரு வரி கெடக்கு. ஆடு கிண்டினப்பம் பாத்திருக்கேன்."

கையாலேயே தோண்டினோம். இருந்தது. உளி அங்கே இறங்கவில்லை. காவலுக்கு நின்ற தர்மகர்த்தாவின் ஆள் என் செம்பை வாங்கி, அதே கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துக் கொடுத்தான். பேச்சியின் குடத்தை அவன் பார்க்கக்கூட இல்லை. படி எடுத்தேன். எழுத்து வெள்ளையாக எழுந்து வந்தது: இந்தத் தர்மத்தை அழித்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான்.

வாசித்துக் காட்டினேன். பேச்சி வெறுங்குடத்தைக் கையில் எடுத்தாள்.

"பாவம் அவுகளுக்கு. சரி. தண்ணி எங்களுக்கு யாரு தருவா?"

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தாள்.

ஆபீசில் அந்தப் படியை, முழுமையில்லாதது என்று சொல்லி ஒதுக்கி வைத்தார்கள். சுவரில் எழுத்து முழுமையாக இருந்த நாளில் நான் அங்கே நின்றிருந்தேன். பையில் தாள் இருந்தது, மை இருந்தது, பிரஷ் இருந்தது. மரியாதைதான் குறுக்கே நின்றது.

கல்லைப் பார்த்த அன்றே படி எடுங்கள். நான் இப்போது தர்மகர்த்தாக்களுக்குச் சொல்லி அனுப்புவது, தாள் காய்ந்து என் பைக்குள் போன பிறகுதான்.