தேங்காய் எழுந்த இடம்

மணலூர்பேட்டை அருகே நானும் என் கணவரும் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கரும்பு போட்டிருந்தோம். கோடையில் கிணறு வற்றிவிட்டது. போர் போடலாமென்று நீரோட்டம் பார்ப்பவரை அழைத்தோம். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நிலம் முழுக்க நடந்தார். கிழக்கு வரப்போரம் ஓரிடத்தில் மட்டும் அது செங்குத்தாக எழுந்து நின்றது. அங்கேயே கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டோம்.

மறுநாள் போர் வண்டி வந்தது. அது திரும்ப இடமில்லாததால், பக்கத்தில் நின்ற எழுத்தழிந்த மஞ்சள் கல்லை என் கணவர் பிடுங்கிப் போட்டார். யாரோ நிலம் அளந்து நட்ட கல் என்றுதான் இருவரும் நினைத்திருந்தோம்.

துளை போடத் தொடங்கும் நேரத்தில், சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஒருவர் கத்திக்கொண்டே ஓடி வந்தார். எரிவாயுக் குழாய் போகும் பாதையைக் காவல் பார்ப்பவர்.

“இன்னாங்க பண்றீங்க? நிறுத்துங்க! கீழ கேஸ் பைப்பு போவுது! அதுக்குத்தானே கல்லு நட்டு வச்சிக்கிது!”

“தேங்கா இங்கதாங்க எழுந்துச்சு” என்றார் என் கணவர். அப்புறம்தான் போர் வண்டிக்காரரை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார்.

கல்லைத் திரும்ப நட்டோம். இப்போதெல்லாம் கடப்பாரையைத் தொடுமுன் அந்தக் கல் எங்கே நிற்கிறதென்று பார்த்துக்கொள்கிறேன். சாய்ந்திருந்தால் நானே நிமிர்த்தி மண் அணைக்கிறேன்.

நீரோட்டம் பார்ப்பவர் இன்னொரு முறையும் வந்து நடந்தார். தேங்காய் வேறெங்கும் எழவில்லை. கரும்பு நின்ற நிலையிலேயே காய்ந்துபோனது.